சாய்மானத்தின் உயரம்

ரயில் வாங்குவதும் ரெடிமேட் சட்டை வாங்குவதும் ஒன்றுதான். கடைக்காரர் எடுத்துப் போடுவது வேறு யாருக்கோ தைத்தது. நம் தோள் அதைவிடக் கொஞ்சம் இறக்கம், கை கொஞ்சம் நீளம், தொந்தி நம் சொந்தச் சம்பாத்தியம். அவர் நம்மைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, முதுகுப்பக்கம் துணியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, "அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு சார்" என்பார். பிடித்த கையை அவர் விடும் வரைக்கும் அது உண்மை.

அந்தப் புறநகர் ரயில் நிறுவனத்தில் கண்ணாடி முன்னால் நின்றவர் வண்டித் தேர்வுப் பிரிவின் மூத்த பொறியாளர். மாமனார் வீட்டில் அவருக்குப் பட்டப்பெயர் பெட்டி மாப்பிள்ளை. அது துணி மொத்த வியாபாரம் செய்கிற குடும்பம். முதன்முதலில் அந்த வீட்டுப் படியேறியபோது என்ன உத்தியோகம் என்று கேட்டார்கள். இவர் பவ்யமாக, "ரயில் பெட்டி வாங்குற வேலைங்க" என்றார். மனைவியின் அண்ணன் புருவத்தைத் தூக்கி, "மொத்தத்துலயா, சில்லறைலயா?" என்று கேட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். தலை நரைத்தும் போகவில்லை.

பழைய பெட்டிகள் கிழமாகிவிட்டன. மழை வந்தால் உள்ளேயும் பெய்தது. புதுசு வாங்கத்தான் வேண்டும் என்று மேலிடமே ஒப்புக்கொண்டுவிட்ட பிறகு, மாப்பிள்ளை ஊர் உலகத்துக் கம்பெனிகளின் வண்டிகளையெல்லாம் பார்த்துப் புரட்டிப் போட்டார். மாடி வைத்த வண்டி எல்லோருக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நகரத்துக்குள் நுழையும் சுரங்கம் குள்ளம். மாடியை வாங்கினால் கூரையைச் சுரங்கத்து வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இன்னொரு வண்டி வழவழவென்று இருந்தது. அதன் வாசற்படிக்கும் இங்குள்ள நடைமேடைக்கும் நடுவில் ஒரு பச்சைக்குழந்தை விழும் அளவுக்கு இடைவெளி. கடைசியில், ஏற்கெனவே வேறொரு தேசத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வண்டி ஓரளவு பொருந்தியது. இங்கே பிடித்து, அங்கே வெட்டி, உயரத்தை ஒரு தட்டுத் தட்டினால் நம் தண்டவாளத்தில் நிற்கும். கம்பெனிக்காரரும் முதுகுப்பக்கம் துணியைப் பிடித்துக்கொண்டு புன்னகையோடு காத்திருந்தார்.

பாக்கி இருந்தது ஒரே ஒரு கேள்வி. பெட்டிக்கு ஒரு பக்கம் இரண்டு கதவா, மூன்று கதவா?

கதவு என்பது சுவரில் விழுந்த ஓட்டை. ஓட்டை இருக்கும் இடத்தில் இருக்கை போட முடியாது. இரண்டு கதவென்றால் நிறையப் பேர் உட்காரலாம். மூன்று கதவென்றால் ஏறி இறங்குவது சுளுவு, வண்டி நேரத்துக்குப் போகும், ஆனால் பாதிப் பேர் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டும். கால அட்டவணைப் பிரிவு மூன்று என்றது. பயணிகள் அனுப்பிய மனுக்களெல்லாம் இருக்கை வேண்டும் என்றன.

தலைமைப் பொறியாளர் ஒரு அம்மாள். வார்த்தையைச் செலவழிப்பதில் மகா கெட்டி. "ரெண்டா மூணான்னு பரீட்சை பண்ணிப் பார்த்து உங்க கருத்தை எழுதிக் குடுங்க. அதைத்தான் மேல அனுப்பப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கோப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளையின் மனசு பரீட்சைக்கு முன்னாலேயே இரண்டு கதவுப் பக்கம் சாய்ந்துவிட்டது. காரணம் வீட்டில் இருந்தது.

அவர் மனைவிக்கு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் வேலை. காலையில் ரயிலில் நின்றுகொண்டு போவார். போய், மருந்துச் சீட்டும் கையுமாக வருகிறவர்களுக்கு முன்னால் பகலெல்லாம் நிற்பார். மாலையில் ரயிலில் நின்றுகொண்டு வருவார். வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொன்றில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரத்துக்கு உலகத்தோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் வைத்துக்கொள்ள மாட்டார். கணுக்கால் வீங்கியிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் மாப்பிள்ளைக்கு, ஊருக்கெல்லாம் ரயில் வாங்கும் தன் உத்தியோகத்தின் மேல் கோபம் வரும்.

"என் வண்டி வரட்டும். அப்புறம் நீ உட்கார்ந்துதான் போவே. இது என் வாக்கு" என்று ஒருநாள் சொன்னார்.

"உங்க வண்டி வர்றதுக்குள்ள எனக்குப் பல்லு கொட்டிடும். அப்ப முதியவங்க சீட்டு தானாவே கிடைக்கும். நீங்க ஒண்ணும் சிரமப்படாதீங்க."

"கிண்டல் பண்ணாதே. நெசமாச் சொல்றேன்."

"நானும் நெசமாத்தான் சொல்றேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார். உதட்டோரத்தில் மட்டும் ஒரு சிரிப்பு மிச்சமிருந்தது. அந்தச் சிரிப்புக்காக மாப்பிள்ளை இருப்புப்பாதையையே இடம் மாற்றிப் போடத் தயார். கதவைக் குறைப்பதா பெரிய காரியம்? தராசுத் தட்டில் சுண்டுவிரலை வைத்துக்கொண்டு முகத்தை வேறு பக்கம் திருப்பும் கடைக்காரரைப்போல அவர் பரீட்சைக்கு ஏற்பாடு செய்தார்.

பணிமனைக் கொட்டகையில் தச்சர் ஒருவர் ஒட்டுப்பலகையில் முழுப் பெட்டி ஒன்றைக் கட்டி நிறுத்தியிருந்தார். சக்கரம் இல்லை, மோட்டார் இல்லை. மற்றபடி நிஜ அளவு, நிஜ இருக்கை, மேலே நிஜக் கைப்பிடி. சுவரை நகர்த்திக் கதவை இரண்டாக்கலாம், மூன்றாக்கலாம். ஏறி இறங்கிப் பார்க்க ஒரு பெட்டி நிறைய ஆட்கள் வேண்டுமே! வெளியாட்களைக் கூப்பிட்டால் காப்பீடு, அனுமதி என்று ஆயிரம் தொல்லை. கைக்கெட்டும் தூரத்தில் சொந்த ஊழியர்கள் இருக்கிறார்கள். நிலைய அதிகாரிகள், சீட்டுப் பரிசோதகர்கள், கார்டுகள், அலுவலகத்துக் கணக்கர்கள் எல்லாரும் ஒரு புதன்கிழமை திரண்டு வந்தார்கள்.

அவர்கள் ரயில் ஏறிய அழகைப் பார்த்திருக்க வேண்டும். கதவு திறந்ததும் வெளியே நின்றவர்கள் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். கடைசி ஆள் இறங்கும்வரை வெளியே ஒருவரும் காலைத் தூக்கவில்லை. பிறகு, "நீங்க முதல்ல ஏறுங்க சார்", "சே சே, நீங்க ஏறுங்க" என்று உபசாரம். ஏறியவர்கள் வாசலில் நிற்காமல் சமர்த்தாக நடுப்பகுதிக்கு நகர்ந்தார்கள். "வாசலை மறிக்காதீர்" என்று ஊரெல்லாம் எழுதி ஒட்டியவர்களே அவர்கள்தானே! தலைமைப் பொறியாளர் அம்மாள் உட்காரும் வரை ஒரு இருக்கையிலும் யாரும் உட்காரவில்லை. அவர் உட்கார்ந்ததும் பதவி வரிசைப்படி மளமளவென்று உட்கார்ந்தார்கள்.

கடிகாரம் இரண்டு கதவே யதேஷ்டம் என்றது. கம்பெனிக்காரர் ஓடி வந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு கதவுதான் அவருடைய தேசத்து வடிவம். மாற்ற வேண்டாம் என்றால் அவருக்கு வேலை மிச்சம். "பிரமாதமான பயணிகள் சார் உங்களுக்கு. எங்க ஊர்லகூட இப்படிக் கிடையாது!"

அன்று மாலை மாப்பிள்ளை மிதந்துகொண்டே வீட்டுக்கு வந்து, நாற்காலியில் காலைப் போட்டிருந்த மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னார். மனைவி முதலில் மரியாதைக்குக் கேட்டார். "நீங்க முதல்ல" வந்த இடத்தில் கண்ணைத் திறந்தார். பதவி வரிசை வந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்து, புரையேறி, காலைக் கீழே போட்டுவிட்டார்.

"யார வச்சுப் பரீட்சை பண்ணீங்க? ரயில்வேக்காரங்கள வச்சா?"

"ஏன், அவங்க மனுஷங்க இல்லையா?"

"மனுஷங்கதான். பயணிங்க இல்ல. ஏங்க, உங்க ஆளுங்க வண்டி ஏறுனாங்களா, இல்ல மாலை போட வரிசையில நின்னாங்களா? போன மாசம் அண்ணன் வீட்டுக்குப் போறப்ப என்ன ஆச்சு? 'இறங்குறவங்க இறங்கட்டும், இறங்குறவங்க இறங்கட்டும்'னு நீங்க ஓரமா நின்னீங்க. நான் ஏறிட்டேன். கதவு சாத்திருச்சு. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்னு டாட்டா காட்டுனது யாரு?"

"அது... இது விஞ்ஞான முறைப்படி நடந்த சோதனை."

"உங்க விஞ்ஞானத்த ஒரு நாள் காலையில நான் ஏறுற எட்டாவது பெட்டிக்கு அனுப்புங்க. சட்டைப் பொத்தான் இல்லாமத்தான் இறங்கும். வேணும்னா எங்க கூட்டத்த நான் கூட்டிட்டு வர்றேன். அவங்க ஏறிக் காட்டட்டும்."

அந்தக் கூட்டம் வந்தால் என்ன நடக்கும் என்று ஊகிக்க மாப்பிள்ளைக்குப் பெரிய மூளை தேவைப்படவில்லை. மூன்றாவது கதவு வந்துவிடும். அது வருவதற்கு இடம் விட வேண்டிய இருக்கைகளில் ஒன்று இவளுடையது. தன் தலையில் தானே கல்லைப் போட்டுக்கொள்கிறோம் என்று தெரியாமல் சிரிக்கிறாளே! அவர் "பாப்போம், பாப்போம்" என்று பூசி மெழுகிவிட்டு எழுந்து போய்விட்டார்.

சும்மா இருந்துவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. பரீட்சை பாஸ், கம்பெனிக்காரர் சந்தோஷம், அம்மாள் சந்தோஷம், வீட்டில் கணுக்கால் வீக்கம் வடியும். மறுநாள் அலுவலகத்தில் அவர் கருத்தை எழுத உட்கார்ந்தார். "பயணிகளைக் கொண்டு நடத்திய சோதனையில்" என்று முதல் வரியை ஆரம்பித்தார். ஆரம்பித்ததோடு சரி. பயணிகள் என்ற சொல்லைப் பார்க்கப் பார்க்க அது அவரைப் பார்த்துச் சிரித்தது, அதுவும் புரையேறச் சிரித்தது. ஊழியர்கள் என்று அடித்து எழுதினார். எழுதினால் அந்த வாக்கியமே, "நாங்களே எங்களுக்கு மார்க் போட்டுக்கொண்டோம்" என்று காட்டிக்கொடுத்தது. காகிதத்தைக் கசக்கினார். இன்னொன்று எடுத்தார். இவள் உட்கார்ந்துகொண்டு போவாள், சரி. நிலையத்துக்கு நிலையம் வண்டி கதவைச் சாத்த முடியாமல் திணறும். இவள் உட்கார்ந்துகொண்டே தாமதமாவாள். மருந்துக்கு நிற்கிறவர்கள் அங்கே நின்றுகொண்டு தாமதமாவார்கள். மாலைக்குள் குப்பைக்கூடை நிரம்பிவிட்டது.

அவர் எழுந்துபோய் அம்மாளின் அறைக் கதவைத் தட்டினார்.

"இன்னொரு தடவை பரீட்சை பண்ணணும் மேடம். நெசமான பயணிங்கள வச்சு."

"பாஸ் ஆன பரீட்சையை யாராவது மறுபடி எழுதுவாங்களா?"

"நம்ம ஆளுங்க காப்பியடிச்சு பாஸ் பண்ணியிருக்காங்க மேடம். விடை எழுதினதே அவங்கதான்."

அம்மாள் கோப்பை மூடினார். தாம் உட்கார்ந்த பிறகு மற்றவர்கள் உட்கார்ந்த வரிசை ஞாபகம் வந்திருக்க வேண்டும். "சனிக்கிழமை" என்றார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை எட்டாவது பெட்டி கொட்டகைக்குள் நுழைந்தது. அந்தக் கூட்டத்துக்குத் தலைவி ஒரு வங்கிக் காசாளர். பருத்த உடம்பு, கணீர்க் குரல். அவருக்குப் பெயர் கதவக்கா. முதல் நிலையத்தில் ஏறி வாசலோரம் நின்றால் கடைசி நிலையம் வரைக்கும் யார் சொன்னாலும் நகரமாட்டார். அவருக்குப் பின்னால் ஒட்டடைக்குச்சிபோல உயரமான வயலின் வாத்தியார், பெட்டியை மார்போடு அணைத்தபடி. அவர்களுக்குப் பின்னால் குடையும் பையும் சாப்பாட்டு டப்பாவுமாக ஊர். மாப்பிள்ளையின் மனைவியை அவர்கள் "மாத்திரை" என்று கூப்பிட்டதைக் கேட்டு மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அந்தப் பெயர் தனக்குத் தெரியாமல் இத்தனை நாள் இருந்திருக்கிறது.

கம்பெனிக்காரர் அன்போடு, "வழக்கமா எப்படி ஏறுவீங்களோ அப்படியே ஏறுங்க" என்றார். பாவம்.

முதலில் இரண்டு கதவு. பாதிப் பேருக்குத் தோளில் அடையாளமாக ஒரு பச்சைத் துணித் துண்டு குத்தியிருந்தது. அவர்கள் முதல் 'நிலைய'த்தில் இறங்க வேண்டும். மணி அடித்தது, கதவு திறந்தது. அடுத்த கணம் ஒட்டுப்பலகைப் பெட்டி ஒரு பக்கமாக ஆடி நின்றது. தச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் மனைவி கதவக்காவின் கைக்கு அடியில் புகுந்து, வயலின் பெட்டியைச் சுற்றி வளைந்து, நட்டநடுவில் ஜன்னலோர இருக்கையைப் பிடித்துவிட்டார். அங்கிருந்து கணவனைப் பார்த்து ராணிபோலக் கையை அசைத்தார். பச்சைத் துண்டு அவர் தோளில் பளிச்சென்று இருந்தது.

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கியது. இந்தக் காட்சிக்காகத்தானே இத்தனை பாடு!

நிலையம் வந்தது. மணி அடித்தது.

"இறங்கணும்!" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்டது. "ஏங்க, வழி விடுங்க, நான் இறங்கணும்!"

"நானும்தான் இறங்கணும் மாத்திரை, காலை எங்க வைக்கிறது?" என்றது வயலின்.

"அக்கா, கொஞ்சம் நகருங்கக்கா!"

"நான் இறங்க வேண்டியவ இல்ல. எனக்குப் பச்சைத் துண்டு குடுக்கல" என்று கதவக்கா வாசலை நிறைத்துக்கொண்டு நியாயம் பேசினார்.

இறங்குகிறவர்களுக்குக் காத்திராமல் வெளியே நின்றவர்கள் ஏற ஆரம்பித்தார்கள். இரண்டு கூட்டமும் வாசலில் முட்டிக்கொண்டு, வாசற்கால் படாரென்று பிளந்தது. கதவு சாத்தியபோது பச்சைத் துண்டுக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் உள்ளேயே இருந்தார்கள். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் மனைவியின் முகம் தெரிந்தது. அது ராணியின் முகமாக இல்லை. வாய் மட்டும் அசைந்தது. என்ன சொல்கிறார் என்று கேட்காதது மாப்பிள்ளையின் அதிர்ஷ்டம்.

தச்சர் முணுமுணுத்தபடி சுவரை நகர்த்தி, நடுவில் மூன்றாவது கதவைத் திறந்தார். அதற்கு இடம் விட்ட இருக்கைகளை ஆட்கள் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். மாப்பிள்ளை ஒன்றையும் விடாமல் பார்த்துக்கொண்டு நின்றார். ஜன்னலோர இருக்கை கடைசியாகப் போனது. அதன் மெத்தையில் இன்னும் குழி இருந்தது.

மறுபடி மணி. அதே தள்ளுமுள்ளு, அதே கதவக்கா. ஆனால் ஒரு வாசலை அவர் அடைத்தால் பக்கத்திலேயே இன்னொரு வாசல் இருந்தது. பச்சைத் துண்டுகள் பொலபொலவென்று வெளியே கொட்டின. கடிகாரம் பார்த்தவர் கட்டைவிரலை உயர்த்தினார். கால அட்டவணைக்காரர் கைதட்டினார். கம்பெனிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

மனைவி கூந்தலைச் சரிசெய்துகொண்டே வந்தார். "பாத்தீங்களா, இதுதான் பயணிங்க. அது என்ன, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி மூஞ்சிய வச்சிருக்கீங்க?"

"கதவு மூணுன்னா உன் சீட்டு போச்சு" என்றார் மாப்பிள்ளை. "எனக்கு அன்னைக்கே தெரியும். அதான் உங்க கூட்டத்தக் கூப்பிட யோசிச்சேன். உனக்கு வாக்குக் குடுத்தேனே."

மனைவி எதிரே கொட்டகை ஓரத்தில் அடுக்கியிருந்த இருக்கைகளைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

"உட்காரணும்னு ஆசைதாங்க. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா உள்ள போய் மாட்டிக்கிட்டு எந்திரிக்க முடியாத சீட்ட வச்சுக்கிட்டு என்ன பண்றது? கடைசி ஸ்டேஷன்ல போய்க் குடித்தனம் நடத்துறதா?" குரலைத் தாழ்த்தினார். "இதுக்கா ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல நீங்க? லூசு."

அதோடு மனைவியின் பங்கு முடிந்தது. அடுத்து வந்தது துணிக்கடைக்காரர் வீட்டுப் பெண். மாப்பிள்ளைக்கு அந்த மாற்றம் பழக்கம். தாடை கொஞ்சம் உயரும், கண் கொஞ்சம் சிறுக்கும்.

"சரி. சீட்ட எடுத்துட்டீங்க. பதிலுக்கு என்ன குடுக்குறீங்க?"

"பதிலுக்கா?"

"நிக்கிறவங்களுக்கு இந்த வண்டியில என்ன இருக்கு?"

கம்பெனிக்காரர் பேச்சை இலகுவாக்க நினைத்து, "நிக்கிறவங்களுக்குத் தரை இருக்கு மேடம்" என்றார். எட்டாவது பெட்டி மொத்தமும் திரும்பி அவரைப் பார்த்தது. சொன்னதை வாய்க்குள் திரும்பப் போட்டுக்கொள்ள வழியிருந்தால் அவர் போட்டுக்கொண்டிருப்பார்.

மனைவி பெட்டிக்குள் ஏறிக் கைப்பிடியை எட்டிப் பிடித்தார். குதிகால் தரையை விட்டு எழுந்தது. "இது யாரோட உயரத்துக்கு மாட்டினது? எங்க பழைய வண்டியிலயும் இதே கதைதான். வீடு வர்ற வரைக்கும் நுனிக்காலுல தொங்குறேன். கால் வீங்காம என்ன செய்யும்? அப்புறம் வாசப்பக்கம் இந்தச் சுவரு வெறும் சுவரு. சாஞ்சுக்க ஒரு பலகை உண்டா?"

"எங்க அடிப்படை வடிவம் அப்படி மேடம். அதுல கை வெச்சா நாள் ஆகும், வரைபடம் மாறும்..."

"மேல நீளமா இருக்கே, அது என்ன?"

"பனிச்சறுக்குக் கட்டை வைக்கிற தட்டு. முன்னாடி வாங்கின ரயில்வே மலைப்பக்கம் போறது. அதை உங்களுக்குச் சும்மாவே விட்டுக்குடுக்குறோம்."

"எங்க ஆஸ்பத்திரிக்குச் சறுக்கி விழுந்தவங்க வருவாங்க. சறுக்கிக்கிட்டே யாரும் வந்ததில்ல. அத நீங்களே வச்சுக்கோங்க. அதுக்குப் பதிலா கைப்பிடியக் கீழ இறக்குங்க, வாசலுக்கு வாசல் சாய்மானம் போடுங்க."

"அது அப்படி மாத்திக்கிற பண்டம் இல்லீங்க மேடம்..."

"சரி விடுங்க. நமக்குத் தோதுப்படாது" என்று மனைவி பையைத் தோளில் மாட்டினார். "வாங்கக்கா, போவோம்." எட்டாவது பெட்டி முனகிக்கொண்டே கொட்டகை வாசலைப் பார்த்து நடந்தது. மாமனார் கடை வாசலில் வாடிக்கையாளர்கள் இப்படி நடந்துபோவதை மாப்பிள்ளை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். கடைக்காரரின் மகள் நடப்பதை அன்றைக்குத்தான் பார்த்தார்.

கம்பெனிக்காரர் ஓரமாக நின்றிருந்த தலைமைப் பொறியாளர் அம்மாளைப் பார்த்தார். அம்மாள் கூரையில் ஏதோ விட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். "பயணிகள் சம்மதம் இல்லாம நான் எப்படி மேல அனுப்புறது?" என்றார், விட்டத்திடம்.

"மேடம்! மேடம், நில்லுங்க!" என்று கம்பெனிக்காரர் ஓடினார்.

அதற்குப் பிறகு நடந்தது திருவிழா. தச்சர் வாசலோரச் சுவரில் ஒரு பலகையைச் சாய்வாக வைத்துப் பிடிக்க, எட்டாவது பெட்டி முறை போட்டுச் சாய்ந்து பார்த்தது. "எனக்கு முதுகுல குத்துது", "எனக்குத் தொடையில இடிக்குது" என்று சண்டை. வயலினுக்கு ஏற்றினால் கதவக்காவுக்கு எட்டவில்லை. கதவக்காவுக்கு இறக்கினால் வயலின் மடங்கியது. கடைசியில் கதவக்காவே தீர்ப்புச் சொன்னார்: "நம்ம மாத்திரைதான் ஒசரத்துலயும் நடுவாந்தரம், உடம்புலயும் நடுவாந்தரம். அவளுக்குச் சரியா இருந்தா ஊருக்கே சரியா இருக்கும்." மனைவி சாய்ந்து நின்றார். ஒரு நீளமான பெருமூச்சு விட்டார். பெட்டியில் இருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது. மாப்பிள்ளை அளவு நாடாவை எடுத்துத் தரையிலிருந்து பலகைவரை அளந்து, குறித்துக்கொண்டார்.

அன்றைக்கே கருத்து எழுதியாயிற்று. ஒரே மூச்சில், ஒரு காகிதம்கூடக் கசங்காமல். மூன்று கதவு, தாழ்ந்த கைப்பிடி, வாசலுக்கு வாசல் சாய்மானம். அம்மாள் படித்துவிட்டு ஒரு இடத்தில் பேனாவை வைத்தார். "இந்த உயரத்துக்கு ஆதாரம் என்ன?"

"நேர்ல அளந்தது மேடம்."

"யாரை?"

மாப்பிள்ளை காது சிவந்து நின்றார். அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஓரத்தில் "சராசரிப் பயணி" என்று தம் கையாலேயே எழுதி, "திங்கட்கிழமை மேல போகுது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, காப்பியும் கையுமாக மாப்பிள்ளை விஷயத்தை மனைவியிடம் சொன்னார். இந்தப் பெட்டிகள் ஓடி ஓய நாற்பது வருஷமாவது ஆகும். அத்தனை வருஷமும், அத்தனை வண்டியிலும், அத்தனை வாசலிலும் இருக்கப்போவது மனைவியின் இடுப்பு உயரம்.

"அடப்பாவமே! என் இடுப்பா? ஊருக்கெல்லாமா?" என்று மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டார். விரலிடுக்கில் சந்தோஷம் வழிந்தது. "அண்ணன் கேட்டா கடையில போர்டு எழுதி மாட்டிடுவான்." கொஞ்ச நேரம் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிப்பு நின்றது. கை மெதுவாகக் கீழே இறங்கியது.

"என்னங்க... நேத்து அளந்தீங்களே, நான் எந்தச் செருப்பு போட்டிருந்தேன்?"

"செருப்பா? ஏதோ ஒண்ணு."

"ஏதோ ஒண்ணு இல்ல. ஹீல்ஸு. அந்தப் புதுசு."

"நீதான் வேலைக்குத் தட்டைச் செருப்பு போடுவியே!"

"வேலைக்கா வந்தேன்? புருஷன் ஆபீசுக்கு முதல் தடவையா வர்றேன். உங்க மேடம் இருப்பாங்க, பெரிய பெரிய ஆளுங்க இருப்பாங்க. தேஞ்ச செருப்ப இழுத்துக்கிட்டா வர்றது? ஏன், கதவக்கா மட்டும் என்னவாம்? பொண்ணு கல்யாணத்துக்கு வாங்கினதப் போட்டுட்டு வந்துச்சு."

மாப்பிள்ளை கையில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவர் தொலைபேசியை எடுத்தார்.

"மேடம், மன்னிக்கணும், லீவு நாள்ல. அந்தச் சாய்மானம்... உயரம் தப்பு. கொஞ்சம் இறங்கணும்."

"ஏன், சராசரிப் பயணி நேத்து ராத்திரி குள்ளமாயிட்டாங்களா?"

"செருப்பு மேடம்."

மறுமுனையில் அம்மாள் சிரிக்கும் சத்தம் வந்தது. இத்தனை வருஷ உத்தியோகத்தில் மாப்பிள்ளை அதைக் கேட்டதில்லை. "சரியா அளந்துட்டு வாங்க. என் செருப்பையும் சேத்துத்தான் சொல்றேன், நானும் நேத்து ஹீல்ஸ் போட்டுத்தான் வந்தேன்" என்று வைத்துவிட்டார்.

மனைவி அதற்குள் உள்ளே போய், குதிகால் தேய்ந்த வேலைச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். சுவரோரம் போய், கூட்டத்தில் நிற்பதுபோலப் பையைத் தோளில் போட்டு, ஒரு காலை லேசாக மடக்கி, உடம்பைத் தளர்த்திச் சாய்ந்தார். மாப்பிள்ளை அளவு நாடாவோடு தரையில் மண்டியிட்டார்.

"நிமிராதே. வேலை முடிஞ்சு வர்றப்ப எப்படி நிப்பியோ அப்படி நில்லு."

"அப்படித்தான் நிக்கிறேன். நீங்க முழங்கால் வலிக்குதுன்னு அவசரமா அளக்காதீங்க. நாப்பது வருஷச் சமாச்சாரம்."

"ஆடாம இரு."

"ரயில் ஆடுமே?" என்றார் மனைவி, ஆடிக்கொண்டே.